சுண்டெலிக்கு 2 மணி நேரம், மனிதனுக்கு 5: உங்கள் மகள் கேட்கும் படிப்பு

வணக்கம் அம்மா.

"டாக்டருக்குப் படிக்கிற அளவு மார்க் வைத்திருக்கிறாள். ஆனால் கருவில் இருக்கிற செல் எதைத் தின்று வளர்கிறது என்று படிக்கப் போகிறாளாம்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை புரிகிறது. முதலில் அவள் எதைச் சொல்கிறாள் என்று பார்த்துவிடுவோம்.

கருவில் முதுகெலும்பு துண்டு துண்டாகத்தான் உருவாகத் தொடங்குகிறது. ஒரு துண்டு உருவாக சுண்டெலிக்கு ஏறக்குறைய 2 மணி நேரம், மனிதக் கருவுக்கு 5 மணி நேரம். இதை நடத்தும் மரபணுக்கள் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்புறம் வேகம் மட்டும் ஏன் மாறுகிறது? 2023-ல் ஒலிவியே பூர்கியே என்ற கருவியல் ஆய்வாளரின் குழு, எடைக்கு எடை பார்த்தால் சுண்டெலிச் செல்லின் வளர்சிதை மாற்றம் (உணவை ஆற்றலாகவும் உடல்பொருளாகவும் மாற்றும் வேலை) மனிதச் செல்லைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று காட்டியது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தைத் தடுத்தால், துண்டுகளுக்கு நேரம் குறிக்கும் செல்லின் கடிகாரமும் மெதுவானது. அதே ஆண்டு மிக்கி எபிசுயா என்ற இன்னோர் ஆய்வாளரின் குழு முயல், மாடு, காண்டாமிருகம் உட்பட ஆறு பாலூட்டிகளின் செல்களை ஒப்பிட்டது. அங்கே வளர்சிதை வேகமும் கடிகார வேகமும் தெளிவாகப் பொருந்தவில்லை. ஆக, கேள்வி இன்னும் முடியவில்லை. உங்கள் மகள் பிஎச்டி சேரும்போதும் இதில் அவளுக்கு வேலை மிச்சம் இருக்கும்.

பட்டப்படிப்புக்கு, பெயரிலேயே 'ஸ்டெம் செல்' (பல வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) என்று இருக்கும் கவர்ச்சியான படிப்பு வேண்டாம். உயிர்வேதியியல் படிக்கட்டும். இந்தத் துறையில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் கருவியல் தெரியாமல் தடுமாறுவதில்லை, நொதிகளின் வேகக் கணக்கில்தான் தடுமாறுகிறார்கள். கூடவே புள்ளியியல், கொஞ்சம் நிரலாக்கம். பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காணும் முறை) கைவந்தால் எந்த ஆய்வகமும் அவளைச் சேர்த்துக்கொள்ள யோசிக்காது.

வருமானம் பற்றி மறைக்க மாட்டேன். பட்டம், முதுகலை, பிஎச்டி, அதன்பின் சில ஆண்டு ஆய்வுப் பணி என்று போனால் நிலையான வேலை கிடைக்க முப்பது வயது தாண்டிவிடும். அதுவரை உதவித்தொகைதான். ஆனால் கற்ற வித்தை வேறு இடத்திலும் செல்லும். மனிதக் கரு முதல் நாட்களில் பைருவேட்டை (சர்க்கரை உடையும்போது கிடைக்கும் சிறு மூலக்கூறு) நம்பியிருக்கிறது, பிறகுதான் குளுக்கோஸுக்கு மாறுகிறது. சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு ஆய்வகங்களின் வளர்ப்பு ஊடகமே, அதாவது கருவை வளர்க்கும் ஊட்டத் திரவமே, இந்த அறிவின்மேல் நிற்கிறது. மருந்து நிறுவனங்களும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும் மருந்துகள் எவை என்று அடையாளம் காண இதே அளவீடுகளைத்தான் செய்கின்றன. ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் உயிர்வேதியியலாளர் 1908-ல் கடல் முள்ளெலி முட்டை கருவுற்றதும் எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கிறது என்று அளந்தார். பின்னாளில் அந்த அளவீட்டுப் பழக்கத்தோடுதான் புற்றுநோய்ச் செல்லுக்குப் போனார்.

எனக்கு ஒரே ஒரு தயக்கம்தான், அது உங்கள் தயக்கம் அல்ல. செல் வளர்ப்பு என்பது அன்றாட வேலை. காலையில் இன்குபேட்டரைத் திறந்தால், இளஞ்சிவப்பாக இருந்த ஊடகம் மஞ்சளாகியிருக்கும். செல்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியே விட்டிருக்கின்றன என்று அர்த்தம். வளர்சிதை மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம், அழகான காட்சி! ஆனால் உடனே ஊடகத்தை மாற்றியாக வேண்டும். ஸ்டெம் செல்களுக்குப் பெரும்பாலும் தினமும், ஞாயிறானாலும் சரி. சிலருக்கு இது பிடித்துப்போகும், சிலர் மூன்றே மாதத்தில் சலித்துவிடுவார்கள். படிப்பில் கெட்டிக்காரியா என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது.

அதனால் இப்போதைக்கு எதையும் முடிவு செய்ய வேண்டாம். அடுத்த விடுமுறையில் ஆறு வாரம் ஒரு செல் வளர்ப்பு ஆய்வகத்தில் இருந்துவிட்டு வரட்டும். அப்புறம் இருவரும் என்னிடம் வாருங்கள். மார்க் பட்டியல் தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்தாள் என்றுதான் கேட்பேன்.