அமெரிக்காவின் முதல் கட்சிகள்: கேள்வி பதில்

கே: அமெரிக்க அரசியல் சட்டத்தில் கட்சிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு எப்படி முளைத்தன?

ப: கடனில் முளைத்தன. 1790 ஜனவரியில் நிதியமைச்சர் ஹாமில்டன், மாநிலங்களின் விடுதலைப் போர்க்கடன் சுமார் 2.5 கோடி டாலரை மத்திய அரசே ஏற்கவேண்டும் என்றார். தன் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்டிருந்த வர்ஜீனியா கொதித்தது. தலைநகரம் வர்ஜீனியாவை ஒட்டிய போட்டோமாக் ஆற்றங்கரைக்கு வரும் என்று பேசி முடித்த பிறகே மசோதா தேறியது. அடுத்த ஆண்டு தேசிய வங்கி வந்தது. வர்ஜீனியாக்காரர்களான சபை உறுப்பினர் மேடிசனும் வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். ஹாமில்டன் பக்கம் நின்றவர்கள் ஃபெடரலிஸ்டுகள், எதிரணி குடியரசுக் கட்சியினர்.

கே: இன்றைய குடியரசுக் கட்சி அதுதானா ஐயா?

ப: இல்லை. இன்றையது 1854இல் பிறந்தது. குழப்பம் வராமலிருக்க, ஜெஃபர்சன் கட்சியை ஜனநாயகக் குடியரசுக் கட்சி என்று எழுதுங்கள்.

கே: 1800 தேர்தலில் ஜெஃபர்சனும் அவர் கட்சிக்காரரான ஆரன் பர்ரும் சமமானது எப்படி?

ப: அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நியமிப்பவர்கள் தேர்வாளர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. அதிபருக்கு எது, துணை அதிபருக்கு எது என்று பிரித்துக் குறிக்க வழியில்லை. முதலில் வருபவர் அதிபர், அடுத்தவர் துணை. கட்சிகளே இல்லை என்று நினைத்து எழுதிய விதி இது. 1796இலேயே இடித்தது: ஃபெடரலிஸ்ட் ஆடம்ஸ் 71, எதிரணி ஜெஃபர்சன் 68, ஆக அவரே துணை அதிபர்.

1800இல் ஃபெடரலிஸ்டுகள் உஷாராக ஓர் ஓட்டை ஜான் ஜேவுக்குத் திருப்பினார்கள்: அதிபர் வேட்பாளர் ஆடம்ஸ் 65, துணை வேட்பாளர் பிங்க்னி 64. ஜெயித்த அணியில் அப்படி ஒருவரும் திருப்பவில்லை, 73க்கு 73.

முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே மாநிலத்துக்கு ஓர் ஓட்டு. 16இல் 9 வேண்டும். சிக்கல் என்னவென்றால், அது ஃபெடரலிஸ்டுகள் பெரும்பான்மையாக இருந்த, முந்தைய தேர்தலில் வந்த பழைய சபை. அவர்களில் பலர் பர்ரை ஆதரித்தார்கள். 35 சுற்றிலும் ஜெஃபர்சனுக்கு 8, பர்ருக்கு 6. வெர்மான்ட், மேரிலாந்து உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்ததால் அவை கணக்கில் வரவில்லை. டெலவேரின் ஒரே உறுப்பினரான பேயர்ட் இறங்கிவந்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. 1801 பிப்ரவரி 17, 36ஆவது சுற்றில் அந்த இரு மாநில ஃபெடரலிஸ்டுகளும் ஒதுங்கிக்கொள்ள, ஜெஃபர்சனுக்கு 10. ஒதுங்கினார்களே தவிர, அவருக்கு ஓட்டுப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1804இல் வந்த 12ஆவது திருத்தம் இரு பதவிக்கும் தனித்தனி ஓட்டு என்றாக்கியது. கட்சி என்ற சொல் அதிலும் இல்லை. ஆனால் கட்சிகள் இருப்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது அங்கேதான் என்பேன்.

கே: ஃபெடரலிஸ்டுகள் எப்போது மறைந்தார்கள்?

ப: பிரிட்டனுடனான 1812 போரை எதிர்த்து, 1814 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டில் மாநாடு கூட்டினார்கள். அதன் கோரிக்கைகள் வாஷிங்டன் போய்ச் சேரும் சமயத்தில் நியூ ஆர்லியன்ஸ் வெற்றியும் சமாதானச் செய்தியும் வந்துவிட்டன. துரோகிகள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1816 அதிபர் தேர்தலில் அவர்கள் வேட்பாளர் ரூஃபஸ் கிங்குக்குக் கிடைத்த தேர்வாளர் ஓட்டு 34, ஜெஃபர்சன் கட்சியின் மன்றோவுக்கு 183. அதன்பின் அந்தக் கட்சி அதிபர் வேட்பாளரை நிறுத்தவில்லை.