முள்ளைத் துரத்தும் கை

கேள்வி: எங்களிடம் இருப்பது, பின்னால் வெளியே எஞ்சின் மாட்டிய பழைய அவுட்போர்டு படகு. நான் ஓட்ட, என் மச்சான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒற்றை ஸ்கீயில் (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) தண்ணீர் மேல் சறுக்கிக்கொண்டு பின்னால் வருவார். "ஒரு சமயம் தோள் கழன்றுவிடுகிற மாதிரி இழுக்கிறது, மறு சமயம் கயிறு தொய்ந்துவிடுகிறது, வேகத்தை ஒழுங்காக வை" என்று ஒவ்வொரு சுற்றிலும் சண்டை. நானோ வேகமானி முள்ளிலிருந்து கண்ணை எடுப்பதே இல்லை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கிப் பொருத்தினால் சரியாகிவிடுமா? பத்து வயது மகளுக்கும் கற்றுத்தர வேண்டும். அவளுக்கு என்ன வேகம்?

பதில்: முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டுகிறீர்களே, சண்டைக்குக் காரணம் அதுதான்.

பின்னால் நடப்பதைக் கொஞ்சம் மெதுவாக்கிப் பாருங்கள். மச்சான் உடம்பைச் சாய்த்து, படகு கிளப்பும் அலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெளியே போகிறார். அந்த இழுப்பு முழுக்கப் படகின் மேல் விழுகிறது. வேகம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் இறங்குகிறது. முள் இறங்குவதைப் பார்த்து, சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடியைத் தள்ளுகிறீர்கள். எஞ்சின் சுழற்சி ஏறி, அது ப்ரொப்பெல்லருக்குப் போய், படகு உந்தப்படுவதற்குள் அவர் இழுத்து முடித்துவிட்டார், சாய்வை விட்டுவிட்டார். நீங்கள் கொடுத்த கூடுதல் சக்திக்கு இப்போது பாரமே இல்லை, படகு துள்ளி முன்னே ஓடுகிறது. முள் ஏறுகிறது, நீங்கள் பின்னுக்கு இழுக்கிறீர்கள், சரியாக அதே நேரம் அவர் மறுபக்கம் சாய ஆரம்பிக்கிறார். ஒவ்வொரு முறையும் உங்கள் கை அரைத் தாளம் பிந்தித்தான் விழுகிறது. தோளைக் கழற்றுவதும் கயிற்றைத் தொய்ய விடுவதும் அந்த அரைத் தாளம்தான்.

போதாததற்கு, அந்த முள்ளே நம்பத்தக்கதல்ல. பழைய படகுகளில் பெரும்பாலும் இருப்பது நீரழுத்தத்தை வைத்து வேகம் காட்டும் வகை. எஞ்சினின் கீழ்ப்பகுதியிலோ படகின் பின்பலகையிலோ ஒரு சின்னத் துளை இருக்கும், அதில் மோதும் நீரின் அழுத்தம் குழாய் வழியாக மேலே வந்து முள்ளை நகர்த்தும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசியாகிவிடும், அதனால் குறைந்த வேகத்தில் முள் சொல்வது ஏறக்குறைய ஊகம். துளையில் ஒரு துணுக்கு பாசி அடைத்தால் அதுவும் போச்சு. மெல்லிய கம்பியை விட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

ஆகவே ஒருநாள், காற்றில்லாத காலை வேளையில், பின்னால் யாரும் இல்லாமல் படகை எடுங்கள். கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்தை வைத்துக்கொண்டு 25, 30, 35, 40, 45 கிலோமீட்டர் ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சுற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். போகும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் காற்றும் நீரோட்டமும் கழிந்துவிடும். அதை ஒரு பட்டையில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். படகில் இன்னும் இரண்டு பேர் ஏறினால் கணக்கு மாறும், அப்போது மறுபடி பாருங்கள்.

இனி மச்சானை இழுக்கும்போது, அந்த ஆர்.பி.எம். வந்ததும் கையை அப்படியே நிறுத்திவிடுங்கள். முன்கை எதன் மேலாவது ஊன்றியிருக்கட்டும். அந்தரத்தில் தொங்கும் கை, படகு ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் தெரியாமலே த்ராட்டிலை அசைத்துவிடும். அவர் சாயும்போது வேகம் லேசாக இறங்கத்தான் செய்யும், இறங்கட்டும். ஒரே மாதிரி மெல்ல இறங்கி மெல்ல ஏறும் இழுப்புக்கு உடம்பு இரண்டே சுற்றில் பழகிக்கொள்ளும். நேரம் தப்பி வரும் உதறலுக்குப் பழகவே முடியாது. நன்றாகக் கை படிந்த ஓட்டுநர்கள் கண்ணாடியில் ஸ்கீயரின் தோள் சாயத் தொடங்கும்போதே ஒரு இழை கூட்டி, அவர் விடுவதற்கு முன்பே குறைப்பார்கள். அது பிறகு வரும். முதலில் சும்மா இருக்கப் பழகுங்கள்.

கிளம்பும் இடத்திலும் இதே தவறு நடக்கிறது. படகை மெல்ல நகர்த்திக் கயிறு முழுக்க விறைத்த பிறகு, அவர் குரல் கொடுத்ததும் சக்தியைத் தடதடவென்று இல்லாமல் ஒரே சீராகக் கூட்டுங்கள். தண்ணீருக்குள் குந்தியிருக்கும் ஆள் ஒரு பெரிய பாரம். எழுந்து நின்றதும் அந்தப் பாரம் சட்டென்று குறைந்துவிடும். அந்த நொடியிலேயே த்ராட்டிலைத் தளர்த்தாவிட்டால் படகு இலக்கு வேகத்தைத் தாண்டிப் பாயும். எழுந்தவர் உடனே முகம் குப்புற விழுவதற்கு அவர் மட்டுமே காரணமில்லை.

கருவி விஷயம். ஜி.பி.எஸ். வழியாக வேகம் பிடிக்கும் கருவிகள் உண்மையிலேயே அற்புதமானவை. பழைய எஞ்சினானால் ஒரு சிறு மோட்டார் த்ராட்டில் கேபிளை இழுத்து விடும். புதியதானால் எஞ்சினின் கணினியோடு நேரடியாகப் பேசும். போட்டிகளில் இதில்லாமல் முடியாது. மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றிப் போகும் ஸ்லாலம் பாதை 259 மீட்டர், ஆண்களின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், கடக்க 16.08 நொடி. ஆறு மிதவைகள், ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி. அங்கே நொடியின் நூறில் ஒரு பங்கும் கணக்கு. போட்டிப் படகுகளில் வரும் ஸீரோ ஆஃப் கருவியில் ஏ, பி, சி என்று எழுத்தும் 1, 2, 3 என்று எண்ணும் இருக்கும்: பாரம் விழுந்ததும் எஞ்சின் எவ்வளவு சீக்கிரம் எழும்ப வேண்டும் என்பது எழுத்து, எவ்வளவு பலமாக என்பது எண். ஒவ்வொரு ஸ்கீயருக்கும் தன் உடம்புக்கு ஒத்து வரும் ஒரு சேர்க்கை உண்டு. கருவியும் பாரம் விழுந்த பிறகே எழும்புகிறது என்பதைக் கவனியுங்கள். ஆனால் அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எழும்பும்.

மிதவைப் பாதை இல்லாமல் திறந்த நீரில் விளையாடும் உங்களுக்கு அது இப்போது தேவையில்லை என்பது என் கருத்து. கருவி ஸ்டியரிங்கைப் பிடிக்காது. மச்சான் இழுக்கும்போது படகின் பின்பக்கம் அவர் பக்கமாகத் திரும்பும், இலேசான அவுட்போர்டு படகில் இன்னும் அதிகமாக. பக்கத்துத் தண்ணீரைப் பார்த்துத் திருத்தினால் பாம்பு மாதிரி ஓடும். தூரத்துக் கரையில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அதை நோக்கி ஓட்டுங்கள். பின்னால் பார்ப்பதற்கு வேறொருவர் உட்காரட்டும்.

அவர் விழுந்ததும் அதே வேகத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டாம். அப்படித் திரும்பினால் கிளம்பும் பெரிய அலை ஏரி முழுக்க உருண்டு, அடுத்த சுற்றில் உங்கள் மச்சானின் முழங்காலுக்கே வந்து சேரும். முதலில் த்ராட்டிலை இறக்கிப் படகு அமர்ந்த பிறகு மெதுவாகத் திரும்பி, வந்த கோட்டிலேயே போங்கள். விழுந்தவர் எப்போதும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில், கண்ணில் பட இருக்க வேண்டும். அவரை நோக்கிப் பின்னோக்கி ஓட்டவே கூடாது. படகில் ஏறுவதற்கு முன் எஞ்சின் நின்றிருக்க வேண்டும், நியூட்ரல் போதாது.

மகளுக்கு இரட்டை ஸ்கீ, மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர். எடை குறைந்த குழந்தை சீக்கிரம் எழுந்துவிடும், உங்கள் மச்சானுக்குக் கொடுக்கும் அளவு சக்தி தேவைப்படாது. கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, தலையில் தட்டினால் கரைக்குப் போகலாம், கழுத்தில் கை குறுக்கே போனால் நிறுத்து. இந்த நான்கையும் கரையிலேயே அவளைச் செய்து காட்டச் சொல்லுங்கள். விழுந்தால் கயிற்றை விட்டுவிட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், பத்து வயதில் பலருக்கும் அது தோன்றாது.