தைராய்டு புற்றுநோய் வந்த பிள்ளை 40 வயதில் எப்படி இருப்பாள்?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. கழுத்தில் கட்டி வந்து, பாப்பில்லரி வகை தைராய்டு புற்றுநோய் என்று சொல்லி சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்து நெறிக்கட்டியிலும் நுரையீரலிலும் பரவியிருந்ததால் கதிரியக்க அயோடினும் கொடுத்தாயிற்று. இனி நன்றாக இருப்பாளா? கல்யாணம், குழந்தை எல்லாம் நடக்குமா? யாரிடமும் சொல்லாதே என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இன்னும் எத்தனை வருஷம் சேலத்துக்கு அலைய வேண்டும்? - ஒரு தாய், ஏற்காடு

பதில்: 'நுரையீரலில் பரவியிருக்கிறது' என்று கேட்ட நாளிலிருந்து நீங்கள் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். அதையே முதலில் சொல்கிறேன். மற்ற புற்றுநோய்களை மனதில் வைத்து இதை எடை போடாதீர்கள். பிள்ளைகளுக்கு இந்த வகை, கண்டுபிடிக்கும்போதே நெறிக்கட்டிக்குப் போயிருப்பது சகஜம். நுரையீரலுக்குப் போவதும் பெரியவர்களைவிட அதிகம். அப்படியிருந்தும் 100 பேரில் 95 பேருக்கு மேல் 10, 20 ஆண்டுகள் தாண்டியும் உயிரோடு இருக்கிறார்கள். இந்தச் செல்கள் பெரும்பாலும் தைராய்டின் குணத்தை விடாமல் அயோடினை உறிஞ்சுவதால், கொடுத்த மருந்து அவை இருக்கும் இடத்துக்கே போய்ச் சேருகிறது. பலன் மெதுவாகத்தான் தெரியும். தைராய்டு செல்கள் மட்டுமே சுரக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் அளவு ரத்தத்தில் ஒரு டோஸுக்குப் பிறகு வருஷக்கணக்கில் இறங்கிக்கொண்டே வருவதுண்டு. சிலருக்கு நுரையீரலில் கொஞ்சம் மிஞ்சி, வளராமல் அப்படியே நின்றுவிடும். அவர்களும் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள்.

என் கவலை வேறு. கல்யாணமாகி வெளியூர் போன ஒரு பெண், முகம் வீங்கி, குரல் கனத்து என்னிடம் வந்தார். புகுந்த வீட்டில் தெரியக்கூடாது என்று தைராய்டு ஹார்மோன் மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து, கடைசியில் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். சுரப்பியே இல்லாத உடம்புக்கு அந்த மாத்திரைதான் தைராய்டு. அதனால் மறைத்துக் கல்யாணம் செய்யாதீர்கள். தழும்பும் மாத்திரையும் தெரிந்த வீட்டில்தான் அவள் நிம்மதியாக இருப்பாள்.

குழந்தை பெறத் தடை இல்லை. அயோடின் எடுத்தபின் 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை கர்ப்பம் கூடாது, அவ்வளவுதான். கர்ப்பம் என்று தெரிந்தவுடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரை அளவு கால் பங்குக்கு மேல்கூட ஏற வேண்டியிருக்கும். தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும். உங்கள் ஊரில் கண் விழித்ததும் காபி வாசனைதான், தெரியும். ஆனாலும் அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுக்கட்டும். காபி மருந்தை உடம்பில் ஏறவிடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். ஏற்காட்டுப் பனி ஈரத்தில் மாத்திரை கெடும், டப்பாவை இறுக மூடுங்கள். அப்புறம், விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தால் ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

எத்தனை வருஷம் என்றால், ஆயுள் முழுக்க. முதல் சில வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷம் ஒருமுறை: டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), தைரோகுளோபுலின், அதன் எதிர்ப்பொருள், கழுத்து ஸ்கேன். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவது சிரமம்தான். ஆனால் இந்த நோய் 20, 30 வருஷம் கழித்தும் சிலருக்குத் திரும்புகிறது. சீக்கிரம் பிடித்தால் மறுபடி சிகிச்சை செய்யலாம்.

இன்றே ஒரு ஃபைல் போடுங்கள். ஆபரேஷன் ரிப்போர்ட், பயாப்சி, எந்தத் தேதியில் எத்தனை மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கட்டும். அடுத்த முறை டாக்டர் மாத்திரை அளவை மாற்றும்போது, அதை நீங்கள் எழுதாதீர்கள். அவள் கையால் எழுதச் சொல்லுங்கள். காலேஜுக்குப் போகும்போது அந்த ஃபைல் அவள் பெட்டியில் போகட்டும்.