பார்வையற்றவர்கள் எளிதாகப் பயன்படுத்த மென்பொருளில் தனியாக என்ன வசதி சேர்க்க வேண்டும்?

தனியாக எதையும் சேர்க்காதீர்கள். இருக்கிற பட்டன்களுக்கு ஒழுங்காகப் பெயர் வையுங்கள், மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே எல்லா வேலையும் முடிகிற மாதிரி செய்யுங்கள். நீங்கள் மென்பொருள் எழுதுகிறவர், மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கிண்டியில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை வைத்துத்தான் எல்லாம். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கியது, அவருக்கும் பார்வை இல்லை, இன்றுவரை இலவசம். அது எவ்வளவு நல்ல மென்பொருளாக இருந்தாலும் நீங்கள் எழுதி வைக்காத பெயரை அதனால் வாசிக்க முடியாது.

எங்கள் ஆபீஸில் பில் போடும் மென்பொருளைப் புதுசாக்கினார்கள். எழுத்தில் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டுச் சின்னச் சின்னப் படங்களாக வைத்துவிட்டார்கள். டேப் அடித்தால் "பட்டன்". மறுபடி அடித்தால் "பட்டன்". எது சேமிக்கிறது, எது அழிக்கிறது? தேதி போடும் இடத்தில் ஒரு காலண்டர் திறக்கும், அதற்குள் கீபோர்டு போகவே போகாது. அதுவரை மாதக் கணக்கை நானே முடித்துக்கொண்டிருந்தவன், ஒவ்வொரு பில்லுக்கும் பக்கத்து சீட் அக்காவைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. அவர் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை, ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

புகார் சொன்னதும் பார்வையற்றோருக்கு என்று தனிப் பக்கம் செய்து தந்தார்கள். அப்புறம் ஜிஎஸ்டி மாற்றம் வந்தபோது மெயின் பக்கத்தை மட்டும் மாற்றினார்கள், என் பக்கம் அப்படியே கிடந்தது. கடைசியில் அந்த டீமில் ஒரு தம்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் டேப் அடிப்பதைக் கேட்டுவிட்டுப் போனான். ஒவ்வொரு படத்துக்கும் ஸ்கிரீன் ரீடர் வாசிக்க ஒரு பெயர், அதாவது ஏரியா-லேபிள் என்று ஒரு வரி, தேதியைக் கையால் டைப் செய்ய ஒரு பெட்டி, அவ்வளவுதான் சேர்த்தான். அதன்பிறகு "சேவ், பட்டன்" என்று கேட்டது.

'நாலு பேருக்காக இவ்வளவு செலவா' என்று யாராவது கேட்பார்கள். ஆரம்பத்திலேயே செய்தால் செலவு மிகக் குறைவு. அப்புறம், இது யாரும் போடுகிற பிச்சையும் இல்லை: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது, கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) முறையை எதிர்த்த வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லிவிட்டது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் சுற்றறிக்கை அனுப்புகிறவர்களே, தயவுசெய்து யூனிகோடில் அனுப்புங்கள். ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய பாமினி என்ற பழைய ஃபாண்டில் 'அம்மா' என்று அடித்து அனுப்பினால் எனக்கு 'எம் கே, கே எச்' என்று கேட்கிறது. கண்ணுக்கு அழகாகத் தெரிகிற அந்தத் தமிழ், என் காதுக்கு வரும்போது தமிழாகவே இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். என்விடிஏவை இறக்கி, மானிட்டரை அணைத்துவிட்டு உங்கள் மென்பொருளில் ஒரு பில் போட்டுப் பாருங்கள். பிறகு சோதிக்க எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். அதற்குச் சம்பளமும் கொடுங்கள்.