சிட்டிப் பணத்தை அந்தக் கம்பெனியில் போடலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை அருகே எங்களுக்குச் சிறிய தென்னந்தோப்பு இருக்கிறது. பொள்ளாச்சியில் கொப்பரை ஏற்றுமதி செய்வதாகச் சொல்லும் ஒரு கம்பெனிக்கு என் கொழுந்தனார் ஏஜெண்ட். அவர் மூலம் 1.5 லட்சம் ரூபாய் போட்டேன். மாதம் 5 சதவீதம் என்ற கணக்கில் 4 மாதமாக 7,500 ரூபாய் தவறாமல் வருகிறது. கேரள அரசின் நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில் 50 மாதம் கட்டும் 5 லட்ச ரூபாய்ச் சிட்டியை (ஏலச் சீட்டை) இப்போது 17-வது தவணையில் 4 லட்சத்துக்கு ஏலம் எடுத்திருக்கிறேன். “அதையும் போடுங்கள் அண்ணி, மாதம் 20,000 வரும். சிட்டித் தவணை போக 10,000 கையில் நிற்கும். மகளிர் குழுவில் நாலு பேரைச் சேர்த்துவிட்டால் தனிக் கமிஷன்” என்கிறார். பாலக்காட்டில் படிக்கும் மகன் “இது தட்டிப்பு (மோசடி)” என்று சண்டை போடுகிறான். ஆனால் கம்பெனி பதிவு பெற்றது, சான்றிதழைப் பார்த்தேன். ஒப்பந்தப் பத்திரமும் அடுத்த மாதத் தேதியிட்ட செக்கும் தந்திருக்கிறார்கள். படம் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்

பதில்: போடாதீர்கள், சகோதரி. மகன் சொல்வதுதான் சரி. ஏற்கெனவே போன 1.5 லட்சத்தை மீட்கும் வேலையையும் இந்த மாதமே தொடங்குங்கள்.

மாதாமாதம் பணம் வருகிறது என்பதுதான் உங்களை நம்ப வைத்திருக்கிறது. இதுவரை வந்தது 30,000 ரூபாய். நீங்கள் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கை உங்களுக்கே திருப்பித் தந்து “லாபம்” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 4 லட்சத்தையும் கொடுத்தால் மாதம் 27,500 ரூபாய் தர வேண்டியிருக்கும். அந்த 4 லட்சத்தில் இருந்தே 14 மாதம் தந்துவிடலாம். அதற்குள் ஒரு மூட்டை கொப்பரைகூட வாங்கத் தேவையில்லை! அந்த 14 மாதத்தில் நீங்களே நாலு பேரிடம் “எனக்கு ஒழுங்காக வருகிறது” என்று சொல்லியிருப்பீர்கள். அவர்களுக்குத் தேவையான விளம்பரம் அதுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஏலத்தில் எடுத்த சிட்டிப் பணத்தைச் சேமிப்பு என்று நினைக்கிறீர்கள். அது கடன். இன்னும் 33 தவணை பாக்கி. ஏலம் எடுப்பவர்கள் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடியில் உங்கள் பங்கு கழிந்து தவணை சற்றுக் குறையலாம். ஆனாலும் 3 லட்சத்தை ஒட்டி வரும். அதற்காகத் தோப்பின் பத்திரத்தையோ, சம்பளக்காரர் ஒருவரின் ஜாமீனையோ ஈடாகக் கொடுத்தால்தான் தொகை கைக்கு வரும். கம்பெனி கதவைச் சாத்தினாலும் சிட்டித் தவணை நிற்காது. பாக்கி விழுந்தால் வருவாய் மீட்புச் சட்டத்தின் கீழ் ஜப்தி வரை போகலாம். கொழுந்தனார் சொன்ன “தவணை போக 10,000” கணக்கில் இந்தப் பாதி இல்லை.

இனி அந்தச் சான்றிதழ். நீங்கள் அனுப்பியது பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்ததற்கான காகிதமும் ஜி.எஸ்.டி. எண்ணும். தொழில் தொடங்கும் யாரும் இரண்டையும் வாங்கலாம். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அவை அனுமதி ஆகாது. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பிரைவேட் லிமிடெட் கம்பெனி பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கவே கூடாது. ரிசர்வ் வங்கியிடம் உரிய அனுமதி பெற்ற நிதி நிறுவனங்களுக்குக்கூட வட்டிக்கு உச்சவரம்பு ஆண்டுக்கு 12.5 சதவீதம். உங்களுக்குச் சொன்னது ஆண்டுக்கு 60. ஏற்றுமதி ஆர்டர் வைத்திருப்பவருக்கு வங்கி அதில் ஒரு சிறு பங்கு வட்டிக்கே கடன் தரும். அவர் ஏன் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்? கொப்பரையில் என்ன மிஞ்சும் என்று தென்னை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பந்தப் பத்திரத்தை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் விவரமானவர். “டெபாசிட்”, “வட்டி” என்ற சொற்கள் ஓரிடத்திலும் இல்லை. பணம் “வணிகப் பங்களிப்பு”, வட்டி “ஊக்கத்தொகை”, நீங்கள் “வணிகக் கூட்டாளி”. ஏழாவது பத்தியில், சந்தை நிலவரத்தைப் பொறுத்து ஊக்கத்தொகையை நிறுத்திவைக்கலாம் என்று பொடி எழுத்தில் வருகிறது. இந்தப் பெயர் மாற்றமெல்லாம் சட்டத்திடம் எடுபடாது. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ம் ஆண்டு மத்தியச் சட்டம், திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கும் பணத்தை, கடன், முன்பணம் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் டெபாசிட்டாகவே பார்க்கிறது. வட்டியைப் போனஸ் என்றாலும் லாபம் என்றாலும் அப்படித்தான்.

மகளிர் குழுவுக்கு இதைக் கொண்டுபோகவே போகாதீர்கள். உண்மையை மறைத்தோ தெரிந்தே தவறான வாக்குறுதி தந்தோ இப்படிப்பட்ட திட்டத்தில் ஆள் சேர்ப்பது அதே சட்டத்தில் தனிக் குற்றம்; சிறைத்தண்டனை உண்டு. இந்தப் பதிலைப் படித்த பிறகு “எனக்குத் தெரியாது” என்று நீங்கள் சொல்ல முடியாது.

கொங்குச் சீமைக்கு இது புதிதும் அல்ல. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் முதலில் மாதப் பணம் தந்துவிட்டுத்தான் மூடின. கேரளத்தில் “ஆடு, தேக்கு, மாஞ்சியம்” (ஆடும் மரமும் வளர்த்து லாபம் தருவதாகப் பணம் வாங்கிய திட்டங்கள்) என்றால் இன்றும் சிரிப்பார்கள். 1990-களில் அதில் பணம் போட்டவர்கள் சிரிக்கவில்லை. திருப்பூரில் 2009-ல் வெடித்த பாசி நிறுவன முதலீட்டு மோசடி வழக்கில் தீர்ப்பு 2022-ல்தான் வந்தது. இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறை, சரி. ஆனால் போட்டவர்கள் காத்திருந்தது 13 ஆண்டு.

அதனால் செக்கை விடாதீர்கள். தேதி வந்ததும் வங்கியில் போடுங்கள். செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதம் வரைதான் செல்லும். “இப்போது போடாதீர்கள், புதுப் பத்திரம் போட்டு 6 சதவீதமாக்கித் தருகிறோம்” என்று கட்டாயம் வருவார்கள். செக்கைத் திருப்பிக் கொடுத்தால் கையில் இருக்கும் ஒரே பிடியும் போய்விடும். பணமில்லை என்று திரும்பினால், வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் வழக்கறிஞர் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தரலாம். இந்தக் கெடுக்களில் ஒன்று தவறினாலும் செக் வழக்கே நிற்காமல் போகலாம்.

கம்பெனி தமிழ்நாட்டில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் உங்கள் ஊர்க் காவல் நிலையமே புகாரைப் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கோவையில் உள்ள பொருளாதாரக் குற்றப்பிரிவிலும் கொடுக்கலாம். ரிசர்வ் வங்கியின் “சசேத்” இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

4 லட்சம் இப்போதே செலவுக்கு வேண்டாமென்றால் கே.எஸ்.எஃப்.இ. கிளையிலேயே டெபாசிட்டாக வைக்க வழி இருக்கிறதா, என்ன வட்டி என்று கேளுங்கள். ஈடு கொடுக்கும் அலைச்சலும் குறையலாம். மாதம் 20,000 வராது. தவணைக்குப் பணம் இருக்கும்.

கொழுந்தனாரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பெரும்பாலும் இத்தகைய ஏஜெண்டுகள் தங்கள் பணத்தையும் போட்டிருப்பார்கள். அவருக்கும் ஒரு செக் தந்திருக்கிறார்களா, அதில் என்ன தேதி என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.