கை படுவது தோலில், பதில் வருவது நரம்பிலிருந்து: மசாஜ் மாணவர்களின் கேள்விகள்

மசாஜ் பயிற்சியில் சேருகிறவர்கள் பலருக்கு உடற்கூறியல் வகுப்பு என்றாலே சலிப்பு. செய்முறை வகுப்புக்கு ஓடி வருவார்கள், படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் முகம் வாடிவிடும். ஆனால் இந்த முறை வந்திருக்கும் கேள்விகள் எல்லாமே, மேசையில் ஆள் படுத்திருக்கும்போது கைக்கு எழுகிற சந்தேகங்கள். அதனால் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்தால் தசை, எலும்பு வரை இறங்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். தோல் வழியாக எவ்வளவு தூரம் போகும்?

தசை வரை போகாது. மேல்தோலின் வெளி அடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்த்த பெரும்பாலான இடங்களில் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர் தடிமன்தான். அந்த மெல்லிய அடுக்கே உடம்பின் காவல். தட்டையாகிக் காய்ந்த செல்கள் வரிசையாக அடுக்கியிருக்க, இடைவெளிகளைக் கொழுப்பு அடைத்திருக்கிறது. 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறுகள் இதைத் தாண்டுவது கடினம் என்பது தோல் மருந்து செய்பவர்கள் கைக்கொள்ளும் பொது விதி. நல்லெண்ணெயில் இருக்கும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மூலக்கூறு 880 டால்டனை ஒட்டியது. தேங்காய் எண்ணெயினுடையது அதைவிடச் சிறியது, ஆனாலும் 500-க்கு மேல்தான்.

அப்படியானால் எண்ணெய் வீணா? இல்லை. உராய்வைக் குறைத்துக் கையை வழுக்கவிடுகிறது, தோலிலிருந்து ஈரம் ஆவியாவதைத் தடுக்கிறது, கதகதப்பைப் பிடித்து வைக்கிறது. எல்லா எண்ணெயும் தோலுக்கு ஒன்றுபோல நல்லதும் அல்ல. 2013-இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், தொடர்ந்து ஆலிவ் எண்ணெய் தடவியவர்களின் வெளி அடுக்கு பலவீனமடைந்தது. சூரியகாந்தி எண்ணெய் தடவிய இடத்தில் அப்படி ஆகவில்லை. கரப்பான் உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் எண்ணெய் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்க வேண்டாம். படர்தாமரை, சிரங்கு இருந்தால் எந்த எண்ணெயும் வேண்டாம், அங்கே கையே வைக்காதீர்கள்.

மெய்ஸ்னர், மெர்க்கெல், பசீனியன், ரஃபினி என்று தோலிலுள்ள நான்கு தொடு உணர்கருவிகளின் பெயரை மனப்பாடம் செய்கிறோம். தேர்வுக்கு அப்பால் இதனால் என்ன பயன்?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். மசாஜின் பாதி நுட்பம் இந்தப் பெயர்களுக்குள்தான் இருக்கிறது.

மெய்ஸ்னரும் பசீனியனும் மாற்றத்துக்கு மட்டும் பதில் சொல்பவை. கை பட்ட கணத்திலும் எடுத்த கணத்திலும் துடிக்கும். நடுவில் கை அசையாமல் இருந்தால் அடங்கிவிடும். பசீனியன் தோலின் ஆழத்தில் இருப்பது, வெங்காயம் போல அடுக்கடுக்கானது, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம் என்பதால் வெறும் கண்ணுக்கே தெரியும். அதிர்வை உணர்வதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. மெர்க்கெலும் ரஃபினியும் வேறு ரகம். அழுத்தமும் இழுப்பும் நீடிக்கிற வரை தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதை மேசைக்குக் கொண்டுவாருங்கள். எண்ணெய் எடுக்க இரண்டு கையையும் சட்டென்று தூக்கிவிட்டு மறுபடி வைத்தால், படுத்திருப்பவரின் மூளைக்கு அது இரண்டு புதிய செய்தி. ஒரு மணி நேரத்தில் இருபது முறை இப்படி நடந்தால் அவர் எப்படி உறங்குவார்? அதனால்தான் ஒரு கையை முதுகிலேயே வைத்துக்கொண்டு மறு கையால் எண்ணெய் எடு என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

பாடத்திட்டங்கள் பலவற்றில் ஐந்தாவது ஒன்று விடுபட்டிருக்கிறது. ரோமம் உள்ள தோலில் சி-டாக்டைல் என்ற நரம்பிழைகள் இருக்கின்றன. நரம்பைச் சுற்றிச் செய்தியை வேகமாக்கும் மையலின் உறை இல்லாதவை, செய்தி செல்லும் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். விரலால் பொருளை அடையாளம் காணும் நரம்பிழைகளோ நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் செல்பவை. இந்த மெதுவான இழைகளுக்குப் பிடித்த தடவல் வேகம் நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர். அதைவிட வேகமாகத் தேய்த்தாலும் அவை மந்தமாகிவிடும், அசையாமல் கை வைத்திருந்தாலும் மந்தமாகிவிடும். தொட்ட இடம் எது என்பதைவிட, தொட்டது இதமாக இருக்கிறதா என்பதையே இவை மூளைக்குச் சொல்கின்றன. இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள்: கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோழியின் கையைத் தடவுங்கள். சுமார் 25 சென்டிமீட்டர் தூரம். அதற்கு ஐந்தாறு நொடி எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய மாணவர்கள் ஒரே நொடியில் முடித்துவிடுகிறார்கள்.

இந்தத் துறை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தொடுகையையும் வெப்பத்தையும் நரம்பு எப்படி மின்செய்தியாக்குகிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபௌடியன் இருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. நாம் கை வைத்தவுடன் நரம்பு முனையில் திறக்கிற பியெசோ2 என்ற புரத வாயிலைக் கண்டுபிடித்தது படபௌடியன் குழு.

உடற்பயிற்சி செய்தவருக்கு மசாஜ் செய்தால் லாக்டிக் அமிலம் வெளியேறும் என்று வகுப்பில் எழுதிக்கொடுத்தார்கள். சரியா?

தவறு. கடும் பயிற்சிக்குப் பின் ஏறுகிற லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்), சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு மணி நேர அளவில் பழைய நிலைக்கு வந்துவிடும். உடம்பு அதை எரிபொருளாகவே திருப்பிப் பயன்படுத்துகிறது. மறுநாள் படி இறங்கும்போது தொடை வலிக்கிறதே, அதற்கும் லாக்டேட்டுக்கும் சம்பந்தமில்லை. பழக்கமில்லாத வேலையால், அதிலும் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது, இழைகளில் உண்டாகும் நுண் சேதத்தின் விளைவு அது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும்.

2010-இல் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில், கையால் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிக்குப் பின் மசாஜ் செய்து அளந்து பார்த்தார்கள். அழுத்தம் ரத்த ஓட்டத்தைக் குறுக்கிட்டதால், லாக்டேட் வெளியேறுவது குறையவே செய்தது. 2012-இல் அதே நாட்டின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு, களைத்த தொடைகளில் ஒன்றுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்துவிட்டு இரண்டு தொடையிலிருந்தும் சிறு தசைத் துணுக்கு எடுத்துச் சோதித்தது. லாக்டேட்டில் மாற்றமில்லை. மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் தணிந்திருந்தன. மசாஜுக்குப் பலன் உண்டு. அந்தப் பலனுக்குப் பழைய விளக்கத்தைச் சொல்லித் தேர்வு எழுதுவதுதான் எனக்கு வருத்தம்.

தோள்பட்டையில் தட்டுப்படும் முடிச்சு உண்மையில் என்ன? ஒரு சிலர் "இன்னும் அழுத்துங்க, இன்னும்" என்கிறார்கள். எவ்வளவு தூரம் போகலாம்?

கைக்குத் தட்டுப்படுவதெல்லாம் முடிச்சு அல்ல, முதலில் அதைப் பிரிக்கப் பழகுங்கள். தோள்பட்டை எலும்பின் மேல் உள்மூலையில் கட்டைவிரலைக் குறுக்கே ஓட்டினால் கயிறு போல ஒன்று நழுவும். லெவேட்டர் ஸ்கேப்புலே தசை அந்த மூலையில்தான் வந்து ஒட்டுகிறது. அது எல்லாருக்கும் இருக்கும். கொஞ்சம் கீழே, எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் விரல் ஏறி இறங்கினால் அது விலா எலும்பாக இருக்கலாம். தோலுக்கு அடியிலேயே மெத்தென்று நகர்ந்து, வலிக்காமல் இருந்தால் கொழுப்புக் கட்டியாக இருக்கலாம். இவற்றை நசுக்கி ஒரு பயனும் இல்லை.

உண்மையான முடிச்சு என்று நாம் சொல்வது, தசைக்குள் விறைத்த ஒரு பட்டை, அதில் அழுத்தினால் பழகிய வலியைக் கிளப்பும் ஒரு புள்ளி. நரம்பு தசையைத் தொடும் இடத்தில் தசையைச் சுருங்கச் சொல்லும் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அளவு மீறிச் சுரப்பதால் அங்கே சில இழைகள் சுருங்கியபடியே நிற்கின்றன என்பது பரவலான கருதுகோள். சுருங்கிய தசை தளர்வதற்கும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் தரும் மூலக்கூறு வேண்டும். ரத்த ஓட்டம் நெருக்கப்பட்ட இடத்தில் அது பற்றாமல் போகிறது என்கிறார்கள். இது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஒரே முதுகில் இரண்டு வல்லுநர்கள் வெவ்வேறு இடத்தைக் காட்டுவதும் உண்டு.

இனி அழுத்தம். தசைக்குள் தசைக்கதிர் என்ற உணர்கருவி இருக்கிறது. நீளமும், நீளம் மாறும் வேகமும் அதற்குத் தெரியும். சட்டென்று குத்தினால் காக்க வேண்டும் என்று முதுகுத்தண்டு முடிவு செய்து தசையை இறுக்கிவிடும். மெதுவாக இறங்கும் கைக்கு அது வழிவிடும். மசாஜ் நடக்கும்போது கெண்டைக்கால் தசையின் அனிச்சைத் துடிப்பு தணிவதையும், கையை எடுத்த சிறிது நேரத்தில் பழையபடி ஆவதையும் 1990-களின் தொடக்கத்தில் அளந்திருக்கிறார்கள். தளர்வை அனுமதிப்பது நரம்பு மண்டலம். பலத்தால் அதனிடம் வாங்க முடியாது.

ஆகவே அளவுகோல் உங்கள் கட்டைவிரலில் இல்லை, அவருடைய மூச்சில் இருக்கிறது. மூச்சைப் பிடித்தால், கால்விரல் மடங்கினால், பல்லைக் கடித்தால், வாய் "இன்னும்" என்று சொன்னாலும் நீங்கள் பின்வாங்குங்கள். மறுநாள் நீலம் பாரித்த தோளைக் காட்டி "நல்லா அழுத்தினாங்க" என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தந்துகிகள் உடைந்து கசிந்த ரத்தம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவருக்கு அதே அழுத்தம் பெரிய ஆபத்து. மருந்துப் பட்டியலைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

அழுத்தக் கூடாத இடங்களை எளிதாக நினைவு வைக்க வழி உண்டா?

நரம்பும் பெரிய ரத்தக் குழாயும் தசை மறைவின்றி எலும்பை ஒட்டியோ தோலை ஒட்டியோ ஓடும் இடங்கள் என்று நினைவு வையுங்கள். பெரும்பாலும் மூட்டு மடியும் பக்கத்தில் வரும்.

கழுத்தின் முன்பக்கம் முதலில். குரல்வளையின் மேல்விளிம்பு மட்டத்தில் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனி இரண்டாகப் பிரிகிறது, அங்கே ரத்த அழுத்தத்தை உணரும் கருவி இருக்கிறது. அழுத்தினால் இதயத்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். வயதானவர்களின் தமனியில் படிந்த கொழுப்பு பெயர்ந்தால் பக்கவாதம் வரை போகும். காறை எலும்புக்கு மேல் குழி, அக்குள்: கைக்குப் போகும் நரம்புப் பின்னல் அவ்வழியாக இறங்குகிறது. மேற்கையின் நடுவில் பின்பக்கம் ரேடியல் நரம்பு எலும்பைச் சுற்றிப் போகிறது. முழங்கையின் உள்பக்கம் இடித்தால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்கிறதே, அது அல்நார் நரம்பு. தொடை இடுக்கு, முழங்கால் பின்குழி. கடைசியாக, மாணவர்கள் மறந்தே போகும் இடம்: முழங்காலுக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் கீழே உருண்டையாகத் தட்டுப்படும் எலும்பு. அதன் கழுத்தைச் சுற்றி ஃபிபுலார் நரம்பு தோலுக்கு அடியிலேயே வளைகிறது. முழங்கையை ஊன்றி அங்கே அழுத்தினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகலாம்.

வலி மந்தமாக, அழுத்திய இடத்திலேயே நின்றால் தசை. சுரீர் என்று ஓடினால், விரல் நுனி மரத்தால், எரிந்தால் நரம்பு. உடனே கையை எடுங்கள்.

சயாட்டிகா என்று வருபவருக்குப் புட்டத் தசையைப் பிடித்துவிடலாமா?

எல்லாருக்கும் இல்லை. சயாட்டிகா என்பது சயாட்டிக் நரம்பின் வழியே காலுக்கு இறங்கும் வலி. உடம்பிலேயே தடிமனான நரம்பு அது, இடுப்பு நான்காம் நரம்பு வேர் முதல், முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பின் மூன்றாம் வேர் வரை சேர்ந்து உருவாகிறது. புட்டத்தின் ஆழத்திலுள்ள பிரிஃபார்மிஸ் தசைக்கு அடியில் வெளியே வந்து, உட்காரும் எலும்புக்கும் தொடையெலும்பின் பக்கவாட்டு மேட்டுக்கும் நடுவழியாக இறங்குகிறது. சிலருக்கு அதன் ஒரு பகுதி அந்தத் தசையைத் துளைத்தே வரும். ஆனால் சயாட்டிகா வலிக்குப் பெரும்பாலும் காரணம் கீழ்முதுகில் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி வேரை அழுத்துவதுதான். அதைப் புட்டத்தில் பிசைந்து சரிசெய்ய முடியாது. மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, நரம்பு ஓடும் கோட்டை விட்டு விலகி, பக்கவாட்டுப் புட்டத் தசைகளையும் கீழ்முதுகையும் மிதமாகத் தளர்த்தலாம். பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனது, சிறுநீர் போவது தெரியவில்லை, இரண்டு காலும் பலவீனம் என்று சொன்னால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

ஏன் எப்போதும் இதயத்தை நோக்கியே நீவச் சொல்கிறார்கள்? காலில் நரம்பு சுருட்டியிருந்தால்?

கை, கால் சிரைகளில் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன, ரத்தம் மேல்நோக்கிப் போகத்தான் அவை திறக்கும். சுருண்டு புடைத்திருப்பவை வால்வு கெட்ட அந்தச் சிரைகளே. அவற்றின் மேல் அழுத்தம் வேண்டாம். இதைவிட முக்கியமானது: ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை சூடாக, சிவந்து வலித்தால், அதிலும் அண்மையில் அறுவை சிகிச்சை, பிரசவம், நீண்ட பயணம் ஏதாவது இருந்தால், தொடவே தொடாதீர்கள். ஆழ்சிரையில் ரத்தம் கட்டியிருக்கலாம். கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும்.

சர்க்கரை நோய் உள்ளவர் பாதம் எரிகிறது என்கிறார். சூடான எண்ணெய் இடலாமா?

வேண்டாம். கீழ்முதுகிலிருந்து கால்விரல் வரை நீளும் நரம்பிழைகள் ஒரு மீட்டர் இருக்கும், சர்க்கரை முதலில் பாதிப்பது அந்த நீளமானவற்றைத்தான். அதனால் எரிச்சலும் உணர்வின்மையும் ஒரே பாதத்தில் சேர்ந்து இருக்கும். "சூடு போதுமா?" என்று அவரைக் கேட்டுப் பயனில்லை, அவரால் சரியாகச் சொல்ல முடியாது. வெதுவெதுப்பான எண்ணெயைக்கூட உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் சோதித்த பிறகே இடுங்கள். விரலிடுக்குகளையும் குதிகால் வெடிப்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். புண் இருந்தால் அவரிடம் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள், அவருக்கே அது தெரிந்திருக்காது.

சித்த மருத்துவத்தின் மசாஜ் முறையான தொக்கணத்துக்கும் இந்தப் பாடம் பொருந்துமா?

நிச்சயம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்ற ஒன்பதும் இதே தோல், தசை, நரம்பின் மேல்தான் நடக்கின்றன. வர்மப் புள்ளிகளை மட்டும் படம் பார்த்துப் பழகாதீர்கள். ஆசானிடம் நேரில் கற்க வேண்டியது அது.

தசைகள் 600-க்கு மேல் என்கிறார்கள். அத்தனையும் மனப்பாடமா?

முப்பது போதும், ஆனால் அந்த முப்பதும் விரலுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எங்கே தொடங்குகிறது, எங்கே ஒட்டுகிறது, என்ன அசைவு செய்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். ஸ்டெர்னோகிளீடோமாஸ்டாய்டு என்ற கழுத்துத் தசையில் ஆரம்பியுங்கள். கண்ணாடி முன் நின்று முகத்தை இடப்பக்கம் திருப்பினால் வலக் காதின் பின் எலும்பிலிருந்து மார்பெலும்பு வரை அது எழுந்து நிற்கும். இரண்டு விரலால் மெல்லப் பிடித்து, முகத்தை நேராக்கும்போது அது தளர்வதை உணருங்கள். பிறகு ட்ரப்பீசியஸ், டெல்டாய்டு, பைசெப்ஸ் என்று இறங்கி வாருங்கள்.