மூணு மாசத்துக்கு மட்டும் ஒரு கார்

கேள்வி: அண்ணாச்சி, லாரி மோதி எங்கள் கார் பட்டறையில் கிடக்கிறது. பார்ட்ஸ் வந்து, வண்டி கைக்கு வர மூன்று மாதம் ஆகுமாம். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் திருநெல்வேலியில் டயாலிசிஸ். கால் டாக்ஸி கட்டுப்படியாகவில்லை. ஒரு லட்சத்துக்குள் இந்த வாரமே பழைய கார் வாங்கிவிட்டு, பிறகு விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன். "மூணு மாசத்துக்கு எதுக்குப் பேர் மாத்தணும், ஓனர் எண்ணிக்கை கூடுனா விலை போகாது" என்கிறார் புரோக்கர். மாற்றாமல் ஓட்டலாமா?

- வாசகி, கோவில்பட்டி

பதில்: பேர் மாத்திருங்க தாயி. புரோக்கர் சொல்ற விலைக் கணக்கு நிஜந்தான். மூணாவது ஓனர் நாலாவது ஓனர் ஆனா வாங்குறவன் அடிச்சுத்தான் கேப்பான். அந்த நஷ்டத்தை வாடகைன்னு நெனைச்சுக்கோங்க. பேர் மாத்தாம வச்சிருந்தா, மோதி வண்டி நசுங்கினாலும் இன்சூரன்ஸ்காரன் உங்களுக்குக் காசு தரமாட்டான். திரும்ப விக்கப் போறப்ப பழைய ஓனரோட கையெழுத்துக்கு ஊர் ஊரா அலையணும். 29, 30-ம் நம்பர் ஃபாரம் ரெண்டுலயும் கையெழுத்து வாங்கின கையோட ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போயிருங்க. வாங்கின 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்தணும். ஆர்.சி.யில பேங்க் பேர் இருந்தா, கடன் தீர்ந்துச்சுன்னு பேங்க் லெட்டர் கையில வராம அட்வான்ஸ்கூட கொடுக்காதீங்க.

அவசரத்துல வாங்குறவங்க பெயின்ட்டைப் பாப்பாங்க. நீங்க தேதியைப் பாருங்க. 15 வருஷம் முடியப்போற வண்டின்னா எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும்; அந்த அலைச்சல் உங்களுக்கு இப்ப ஆகாது. ஆர்.சி., இன்சூரன்ஸ் ரெண்டுக்கும் ஆறு மாசமாவது பாக்கி இருக்கட்டும். அரசாங்கத்தோட பரிவாகன் வெப்சைட்டுல வண்டி நம்பரைப் போட்டா ரெண்டும் தெரிஞ்சிரும்.

நம்ம பக்கத்துல இன்னொண்ணு இருக்கு. 2023 டிசம்பர் மழையில, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அப்ப முங்கின வண்டி எத்தனையோ கழுவித் துடைச்சு கைமாறிக்கிட்டு இருக்கு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. அடியில சேத்துக்கறை நிக்கும். ஸ்டெப்னியைத் தூக்கிட்டு அந்தக் குழியையும், கால்மிதிக்குக் கீழே கார்ப்பெட்டையும் பாக்கணும். உள்ளே சென்ட் வாசம் தூக்கலா அடிச்சா எனக்குச் சந்தேகம் வந்துரும்.

காலையில, வண்டி குளிர்ந்து கிடக்கும்போதே போங்க. பானெட்டைத் தொட்டுப் பாத்து சூடா இருந்தா, உங்களுக்காக முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான்னு அர்த்தம். நீலப்புகை வந்தா இன்ஜின் ஆயில் குடிக்குது. ஆயில் மூடிக்கு அடியில பால்காப்பி நிறத்துல படிஞ்சிருந்தா வேற வண்டி பாருங்க.

எந்த வண்டின்னு கேட்டா, ஆல்டோ சீக்கிரம் விலை போகும். ஆனா உங்களுக்கு நான் வேகன் ஆர்தான் சொல்லுவேன். சீட் உயரம், டயாலிசிஸ் முடிஞ்சு சோர்ந்து வர்ற மனுஷன் குனிஞ்சு மடங்கி ஏற வேண்டாம். ஏ.சி. வேலை செய்யணும், பாட்டுப்பெட்டி இல்லாட்டிப் போகுது.

தெரிஞ்சவர் சொந்த போர்டு வண்டியை மாச வாடகைக்குத் தர்றேன்னு வருவார். வேண்டாம், விபத்துன்னா கிளைம் நிக்காது. கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்குற வண்டிதான் நாமளே ஓட்ட வாடகைக்கு விடுறது. மாச ரேட் எவ்வளவுன்னு அதையும் ஒரு வார்த்தை விசாரிங்க.

கடைசியா நீங்க விக்கும்போது, புரோக்கர் கையில வெறும் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துராதீங்க. ஆர்.சி.யில யார் பேரோ அவங்கதான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்புன்னு 2018-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. பேர் மாறுற வரைக்கும் கொஞ்சம் பணத்தைப் பாக்கி வைக்கச் சம்மதிச்சாவது, வாங்குறவரையே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போங்க.